® குறியை எப்போ போடலாம், எங்க போடலாம்?

கேள்வி, 3 பிப்ரவரி

நாங்க நண்பர்கள் சேர்ந்து ஒரு ஆப் பண்ணிட்டு இருக்கோம். பேர் முடிவாயிடுச்சு, லோகோவும் ரெடி. டிசைனர் பேருக்குப் பக்கத்துல குட்டியா ® போட்டு அனுப்பிட்டார், பாக்க பெரிய கம்பெனி மாதிரி இருக்கு. டிரேட்மார்க் பதிவுக்கு இனிமேதான் விண்ணப்பம் போடணும். அதுவரைக்கும் ® இருந்துட்டுப் போகட்டுமேங்கறது என் கருத்து. அதைப் பாத்தா வேற யாரும் அந்தப் பேர்ல கை வைக்க மாட்டாங்கல்ல? ஒரு குறிதானே, யாரு வந்து கேக்கப் போறா?

3 பிப்ரவரி, மாலை

எடுத்துடுங்க. லோகோ ஃபைல் வெளில போறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

® அழகுக்கு வைக்கற புள்ளி கோலம் கிடையாது. "இந்தப் பேரு பதிவேட்டுல ஏறியாச்சு"ன்னு நீங்க ஊருக்கே சொல்ற ஒரு வாக்கியம் அது. ஏறலைன்னா அந்த வாக்கியம் பொய். விண்ணப்பம் போட்டாலும் பொய்தான், ஏன்னா விண்ணப்பம் வேற, பதிவு வேற. நடுவுல பரிசோதகர் பாக்கணும், மத்தவங்க ஆட்சேபம் சொல்ல அவகாசம் குடுக்கணும், அதெல்லாம் தாண்டினாதான் பதிவு. ரிசல்ட் வரதுக்கு முன்னாடியே பேருக்குப் பின்னாடி பட்டம் போட்டுக்கற மாதிரிதான் இது.

யாரு கேக்கப் போறான்னு கேட்டீங்க. பல நாட்டுச் சட்டமே கேக்குது. பிரிட்டன்ல 1994 டிரேட் மார்க்ஸ் சட்டம் 95ஆவது பிரிவு, பதிவாகாததைப் பதிவானதா காட்டினா குற்றம்னு நேரடியா சொல்லுது. ஜப்பான்லயும் பொய்யா பதிவுக்குறி போடறது தண்டனைக்குரியது. இந்தியாவுல 1999 சட்டத்துல 107ஆவது பிரிவு, முன்னாடி மூணு வருஷம் வரைக்கும் சிறைன்னு இருந்துச்சு, 2023ல வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதைப் பண அபராதமா மாத்திச்சு. அமெரிக்காவுல வேற மாதிரி கடிக்கும். ஏமாத்தற நோக்கத்தோட போட்டீங்கன்னு நிரூபணமானா உங்க விண்ணப்பத்துக்கே அது எதிரா நிக்கும். எந்தப் பேரைக் காப்பாத்தணும்னு ® போட்டீங்களோ அந்தப் பேரையே பதிவு பண்ண முடியாத நிலைமை வரலாம்.

3 பிப்ரவரி, ராத்திரி

அப்போ என்ன போடறதுன்னு கேட்டதுக்கு: ™ போடுங்க.

™ போட யார்கிட்டயும் அனுமதி வேண்டாம், பதிவும் வேண்டாம். "இதை நான் என் வணிகப் பேரா உரிமை கொண்டாடறேன்", அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். அது உரிமைகோரல், ® நடந்து முடிஞ்ச உண்மை. இந்த வித்தியாசம் மனசுல பதிஞ்சுட்டா மீதி குழப்பத்துல பாதி தானா தீரும்.

℠னு ஒண்ணும் இருக்கு, சேவைகளுக்கானது. அமெரிக்காவுக்கு வெளில பெருசா யாரும் போடறதில்ல. பதிவாயிட்டா பொருளோ சேவையோ ரெண்டுக்கும் அதே ®தான்.

© வேற குடும்பம். எழுதினது, வரைஞ்சது, ப்ரோகிராம் அடிச்சதுக்கு ©. பேருக்கும் அடையாளத்துக்கும் ® அல்லது ™. பேருக்குப் பக்கத்துல © போட்டிருக்கறதைப் பாத்தா எனக்கு உடனே கை பரபரங்கும்.

4 பிப்ரவரி

"பதிவு பண்ணியாச்சு, ஆனா ® போட மறந்துட்டேன், உரிமை போயிடுமா?"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார்.

போகாது. 1883ல உருவான பாரிஸ் உடன்படிக்கையில 5ஆவது பிரிவுக்குள்ள இதுக்குன்னே ஒரு வரி இருக்கு. பொருள் மேல பதிவுக்குறி இருந்தாதான் உரிமையை ஒத்துப்போம்னு எந்த உறுப்பு நாடும் நிபந்தனை வைக்கக்கூடாது. அதனால ® இல்லாததால பதிவு செத்துப் போகாது.

ஆனா அதுக்காக அதை விட்டுடலாம்னும் இல்ல. அமெரிக்காவோட டிரேட்மார்க் சட்டமான 1946 லான்ஹம் சட்டத்துல 29ஆவது பிரிவைப் பாருங்க. பதிவு பண்ணினவர் அந்த அறிவிப்பைப் போடலைன்னா, அந்தச் சட்டத்தின் கீழ வழக்கு போடறப்போ லாபத்தையும் நஷ்ட ஈட்டையும் கேக்க முடியாது, எதிராளிக்குப் பதிவு பத்தி உண்மையிலேயே தெரிஞ்சிருந்ததுன்னு காட்டினாலொழிய. காப்பி அடிச்சவனை நிறுத்தலாம், ஆனா அவன் சம்பாதிச்சதுல கை வைக்கறது கஷ்டமாயிடும். ஒரு சின்ன வட்டத்துக்கு அவ்வளவு பணமதிப்பு இருக்கு.

அந்த வட்டம் சட்டத்துக்குள்ள வந்ததும் அதே 1946லதான். அதுக்கு முன்னாடி அமெரிக்கப் பொருட்கள்ல "ரெஜ். யு.எஸ். பேட். ஆஃப்."னு நீளமா போட்டிருப்பாங்க, பழைய டப்பா, பழைய விளம்பரம் சேக்கறவங்க பாத்திருப்பீங்க. சின்ன பாட்டில், பேனா நிப், பொத்தான் இதுல எல்லாம் இதை எங்க அடிக்கறது? வட்டத்துக்குள்ள ஒரு ஆர் போட்டா போதும்னு சட்டமே வழி விட்டுச்சு. நீளமா எழுதற வழியும் இன்னிக்கு வரைக்கும் செல்லும், யாரும் எழுதறதில்ல.

6 பிப்ரவரி

இனிமே சொல்லப் போறதுதான் நான் அதிகமா பாத்த பிரச்சினை, அதனால கொஞ்சம் நீளமா போகும்.

பதிவுங்கறது நாட்டுக்கு நாடு தனி. "எனக்கு இன்டர்நேஷனல் டிரேட்மார்க் இருக்கு"ன்னு சொல்றவங்க பெரும்பாலும் மேட்ரிட் முறையில விண்ணப்பம் போட்டிருப்பாங்க. அது நல்ல வழி, ஒரே விண்ணப்பத்துல பல நாட்டைக் குறிக்கலாம், ஆனா ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஏத்துக்கவோ மறுக்கவோ செய்யும். உலகம் பூரா செல்லுற ஒரே பதிவுன்னு எதுவும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துல எல்லா உறுப்பு நாட்டுக்கும் சேர்த்து ஒரே பதிவு இருக்கு, அதுவும் ஒன்றியத்தோட எல்லையோட நின்னுடும்.

நான் பல வருஷமா கையேடு, பெட்டி மேல வர எழுத்து, ப்ரோஷர் இதெல்லாம் எடிட் பண்ற வேலை பாக்கறேன். ஒரு கருவி கம்பெனிக்கு பெட்டி டெக்ஸ்ட் பாத்தப்போ, பதிவு இருந்தது ரெண்டு நாட்டுல, பெட்டி போனது அதை விட ரொம்ப அதிக நாட்டுக்கு. எல்லாத்துலயும் அதே ®. நான் கேள்வி எழுப்பினேன், "டெம்ப்ளேட் அப்படித்தான் இருக்கு"ன்னு பதில். அச்சாகி, சரக்கு கிளம்பற நேரத்துல அவங்க வக்கீல் பாத்துட்டு, சில நாட்டுக்குப் போற பெட்டி மேல எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாங்க. கோடவுன்ல உக்காந்து ஒவ்வொரு பெட்டியா ஒட்டினாங்க. டெம்ப்ளேட்ல ஒரே ஒரு எழுத்தை மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்.

எல்லா நாடும் ஒரே மாதிரி கண்டிப்பா இருக்கும்னும் இல்ல. 1990ல ஐரோப்பிய நீதிமன்றத்துல ஒரு வழக்கு, பால் கார்ப்பரேஷன் எதிர் டால்ஹவுசன். இத்தாலியிலிருந்து மிரோபோர்ங்கற பேர்ல ரத்த வடிகட்டி ஜெர்மனிக்கு வருது, பேருக்குப் பக்கத்துல ®. ஜெர்மனியில அந்தப் பேரு பதிவாகலை, அதனால இது வாங்கறவங்களைத் தப்பா வழிநடத்துதுன்னு போட்டியாளர் வழக்கு. நீதிமன்றம் என்ன சொல்லிச்சுன்னா, வேற உறுப்பு நாட்டுல பதிவாகியிருந்தா, இங்க பதிவில்லைங்கற ஒரே காரணத்துக்காக அந்தச் சரக்கைத் தடுக்கறது சரக்குகளோட சுதந்திரப் போக்குவரத்துக்கு எதிரானது. அது ஒன்றியத்துக்குள்ள. அதையே எடுத்துக்கிட்டு அமெரிக்கா, ஜப்பான்னு நீட்டக்கூடாது.

நடைமுறையில நான் சொல்றது இதுதான்: பல நாட்டுக்கு ஒரே பெட்டின்னா ™ போட்டுடுங்க, இல்லாட்டி ® போட்டு பின்பக்கம் "இன்னின்ன நாடுகளில் பதிவு செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி சேருங்க. ரெண்டாவது வழியை உங்க வக்கீல்கிட்ட கேட்டுட்டே போடுங்க, சில நாட்டுல அந்த வரி மட்டும் போதாது.

6 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

நாடுன்னதும் ஞாபகம் வந்தது. எல்லா இடத்துலயும் ஆர்தான்னு நினைக்காதீங்க. சீனாவுல ®வும் செல்லும், வட்டத்துக்குள்ள பதிவைக் குறிக்கற ஒரு சீன எழுத்து போட்டாலும் செல்லும், ரெண்டுமே அவங்க விதியில இருக்கு. கனடாவுல பிரெஞ்சுப் பக்கத்துல எம்.டி.ன்னு மேல குட்டியா வரும், பதிவானதுக்கு. எம்.சி.ன்னு இருந்தா ™ மாதிரி. ஸ்பானிஷ் பேசற சில நாட்டுல எம்.ஆர்.னு போடுவாங்க. மருந்து அட்டையில எம்.டி. பாத்துட்டு டாக்டர் பட்டம்னு நினைச்சவங்களை எனக்குத் தெரியும்.

7 பிப்ரவரி

நாடு மட்டும் பாத்தா போதாது, எந்தப் பொருளுக்குங்கறதும் பாக்கணும். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், ஆனா அப்போ கேள்வி வேற.

பதிவுக்காகப் பொருளையும் சேவையையும் வகுப்பு வகுப்பா பிரிக்கற நீஸ் வகைப்பாடுன்னு ஒண்ணு, 1957 உடன்படிக்கையில வந்தது. மொத்தம் 45 வகுப்பு, முதல் 34 பொருளுக்கு, மீதி 11 சேவைக்கு. டவுன்லோடு பண்ற ஆப் 9ஆவது வகுப்பு, துணிமணி 25. நீங்க ஆப்புக்குப் பதிவு வாங்கிட்டு, அதே பேரை டிஷர்ட்ல அடிச்சு விக்கறப்போ ® போட்டா, டிஷர்ட்டைப் பொறுத்தவரைக்கும் அது பதிவாகாத பேருதான். அங்க ™.

வடிவமும் அப்படியே. பேரை லோகோவா, அந்த வரைபடத்தோட மட்டும் பதிவு பண்ணியிருந்தா ® அந்த லோகோவோட ஒட்டி வரணும். கட்டுரை நடுவுல சாதா எழுத்துல பேர் வரப்போ ® போடறதுக்கு முன்னாடி எழுத்து வடிவத்துலயும் பதிவு இருக்கான்னு பாருங்க. லிபிக்கும் இது பொருந்தும். ரோமன் எழுத்துல பதிவானதை தமிழ்ல எழுதிட்டுப் பக்கத்துல ® வைக்கறவங்க, பதிவுல எந்த வடிவம் இருக்குன்னு ஒரு தடவை சான்றிதழை எடுத்துப் பாக்கணும்.

9 பிப்ரவரி

எத்தனை தடவை போடணும்?

இதுல மார்க்கெட்டிங் ஆளுங்களுக்கும் எனக்கும் தீராத வழக்கு. பேர் வர இடத்துல எல்லாம் போடணும்பாங்க. ஒரு கையேட்டுல ஒரே பத்தியில பேர் ஆறேழு இடத்துல வந்து, ஒவ்வொண்ணுக்கும் ® தொங்கி, படிக்கவே முடியலை. அப்படிப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் கேக்கலை. ஒரு ஆவணத்துல பெருசா தெரியற இடத்துல ஒண்ணு, உடல் எழுத்துல முதல் தடவை வரப்போ ஒண்ணு, முடிஞ்சது. அட்டையில தலைப்பு, உள்ள முதல் பக்கம், அவ்வளவு போதும்.

நான் இவ்வளவு உறுதியா இருக்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. கண் பார்வை இல்லாத நண்பர் ஒருத்தர் ஸ்க்ரீன் ரீடர்ல ஒரு தயாரிப்புப் பக்கத்தைப் படிக்கறதைப் பக்கத்துல உக்காந்து கேட்டேன். பேர் வரும், "ரிஜிஸ்டர்டு". அடுத்த வரி, பேர், "ரிஜிஸ்டர்டு". விலை எங்க, பேட்டரி எவ்வளவு நேரம் வரும்னு தேடற மனுஷனுக்கு வாக்கியத்துக்கு ஒரு தடவை பதிவு அறிவிப்பு. அவர் பொறுமையா கேட்டுட்டு இருந்தார், எனக்குத்தான் தாங்கலை. அன்னிலேர்ந்து ஒவ்வொரு தேவையில்லாத ®ஐயும் ஒரு ஆளோட நேரமா பாக்கறேன்.

10 பிப்ரவரி

நேத்து எழுதினதை மறுபடி யோசிச்சேன். "ஆவணத்துக்கு ஒரு தடவை"ங்கறது புத்தகத்துக்கும் ப்ரோஷருக்கும் சரியா பொருந்தும். இணையதளத்துல ஆவணம்னா எது? தேடல்லேர்ந்து நேரா உள்பக்கத்துக்கு வரவங்க முகப்புப் பக்கத்தைப் பாக்கவே மாட்டாங்க. அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவை, அதுவும் மேல இருக்கற லோகோவுலயே இருந்துட்டா உடல் எழுத்துல வேண்டாம்னுதான் இப்போ நினைக்கறேன். விளம்பரப் படம் தனியா சுத்திட்டு இருக்கும், அதுக்கு அதுக்குள்ளேயே வேணும்.

ஈமெயில் தலைப்பு வரியில, ஃபைல் பேர்ல, பட்டன் மேல எல்லாம் போடாதீங்க. அங்க அது யாருக்கும் எதையும் அறிவிக்கறதில்ல.

12 பிப்ரவரி

டைப் பண்ணத் தெரியலைன்னு கேட்டவருக்கு: விண்டோஸ்ல ஆல்ட் அழுத்திட்டு நம்பர் பேட்ல 0174. ™க்கு 0153. மேக்ல ஆப்ஷனோட ஆர், ™க்கு ஆப்ஷனோட 2. வேர்டுல அடைப்புக்குறிக்குள்ள ஆர் எழுத்தை அடிச்சாலே தானா ® ஆயிடும். அந்த வசதியே சட்ட ஆவணம் டைப் பண்றவங்களுக்குத் தலைவலி, உட்பிரிவு ஆர்னு அடிச்சா பதிவுக்குறி வந்து நிக்கும், உட்பிரிவு சி ©ஆ மாறும். ஆட்டோகரெக்ட்ல அந்த வரியை எடுத்துடுங்க.

யூனிகோடுல, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கம்ப்யூட்டர் குறியீட்டுல, வட்டத்துக்குள்ள பெரிய ஆர்னு Ⓡ தனியா இருக்கு. பாக்க ஒண்ணு மாதிரி தெரியும், அது வேற எழுத்து, வரிசைப் பட்டியலுக்கு உள்ளது. அதைப் பதிவுக்குறியா போடாதீங்க, தேடினா கிடைக்காது, ஸ்க்ரீன் ரீடரும் பதிவுன்னு படிக்காது.

13 பிப்ரவரி

டெக்னிக்கல் பக்கம் வந்துட்டோம், இதுல எனக்கு ஆசை ஜாஸ்தி.

முதல்ல எழுத்துரு. ™ பெரும்பாலான எழுத்துருவுல பொறந்ததே மேல தூக்கின குட்டியாதான். ® அப்படி இல்ல. சில எழுத்துருவுல பெரிய எழுத்து உயரத்துக்கு வரும், சிலதுல குட்டியா மேல வரும். அதனால ஒரே ஸ்டைலை வச்சு ரெண்டையும் சூப்பர்ஸ்கிரிப்ட் ஆக்கினா, ஒண்ணு சரியா வரும், இன்னொண்ணு எறும்பு சைஸ்ல மேல போய் ஒட்டிக்கும். எழுத்துருவை மாத்தறப்போ எல்லாம் கண்ணால பாத்துதான் சரி பண்ணணும், வேற வழி இல்ல. ரொம்ப சின்ன அச்சுல உள்ளே இருக்கற ஆர் அடைஞ்சு கருப்புப் பொட்டாயிடும், அப்போ கொஞ்சம் பெருசாக்கறதுதான் நேர்மை. போட்டும் படிக்க முடியலைன்னா போடாததுக்குச் சமம்.

போன்ல இன்னொரு கூத்து. ©, ®, ™ மூணும் எமோஜி பட்டியல்ல இருக்கு, ℠ இல்ல. அதனால சில போன்ல ® திடீர்னு தடியா கலரா எமோஜி வடிவத்துல வந்து நிக்கும். பின்னாடியே வேரியேஷன் செலக்டர் 15ங்கற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சேர்த்தா, எழுத்து வடிவத்துலயே காட்டுன்னு சொன்னதா அர்த்தம்.

அடுத்தது தேடல். டேட்டாபேஸ்ல பேரை ஒரே சீராக்க என்எஃப்கேசின்னு ஒரு யூனிகோடு முறை இருக்கு. அதை ஓட்டினா ™ பிரிஞ்சு டி, எம்னு ரெண்டு சாதா எழுத்தாயிடும், பேரோட வால்ல ஒட்டிக்கும். ® அப்படியே இருக்கும், அதுக்குப் பிரிவு கிடையாது. ஒரு தயாரிப்புப் பட்டியல்ல பாதிப் பேருக்குப் பின்னாடி டிஎம் முளைச்சு, தேடினா வராம, மூல காரணம் தெரியாம டெவலப்பர்கள் தவிச்சதைப் பக்கத்துலேர்ந்து பாத்தேன். சீராக்கறதுக்கு முன்னாடியே ரெண்டையும் கழட்டி, பேரை ஒரு நெடுவரிசையில, குறியை வேற நெடுவரிசையில வச்சுக்கறதுதான் சரியான வேலை. எந்த நாட்டுல எது காட்டணும்னு அப்புறம் அந்தக் குறி நெடுவரிசையைப் பாத்து முடிவு பண்ணிக்கலாம், 6ஆம் தேதி சொன்ன ஸ்டிக்கர் பிரச்சினையும் அதுலயே அடங்கிடும்.

14 பிப்ரவரி

லிங்க்ல ® வருதுன்னு ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் போட்டிருக்கார், ஹேக் பண்ணிட்டாங்களோன்னு பயந்திருக்கார். பயப்படாதீங்க.

இணையப் பக்கம் எழுதற எச்டிஎம்எல்ல ® எழுத ஒரு சுருக்கம் இருக்கு, ஆம்பர்சேண்ட் (&) போட்டு ஆர், ஈ, ஜி, கடைசியில அரைப்புள்ளி. ரொம்ப பழைய சுருக்கம்ங்கறதால, அரைப்புள்ளி இல்லாட்டியும் பிரவுசர் அதை ®னு எடுத்துக்கும். இப்போ உங்க லிங்க்ல ஆம்பர்சேண்டுக்குப் பின்னாடி "ரீஜியன்"னு ஒரு அளவுரு வருது. அந்த வார்த்தையோட முதல் மூணு எழுத்தும் அதே ஆர், ஈ, ஜி. பக்கத்துல எழுத்தா காட்டறப்போ பிரவுசர் அந்த மூணையும் முழுங்கிட்டு ® போட்டுடுச்சு. அதைக் காப்பி பண்ணினவங்களுக்கு லிங்க் உடைஞ்சது. லிங்க்கோட முகவரியை வைக்கற ஹெச்ரெஃப் உள்ள இருந்தா இப்போதைய விதிப்படி மாத்தாது, வெளில எழுத்தா இருந்தாதான். ஆம்பர்சேண்டை அதுக்கான முழு சுருக்கத்துல எழுதிட்டா தீர்ந்தது.

®க்கு முன்னாடி தொப்பி போட்ட ஒரு ஏ வருதுன்னா அது வேற வியாதி. யூனிகோடு எழுத்தை ஃபைல்ல சேமிக்கற யுடிஎஃப்-8 முறையில ® ரெண்டு பைட், அதை பழைய லத்தீன் குறியீடா படிச்சா ரெண்டு எழுத்தா தெரியும். ™ மூணு பைட், அது மூணு குப்பையா வரும். ஃபைலைத் திறக்கறப்போ யுடிஎஃப்-8னு சொல்லித் திறங்க.

14 பிப்ரவரி, ராத்திரி

இது தலைப்புக்கு ஓரம்தான், ஆனா சொல்லாம தூக்கம் வராது. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி தமிழுக்கு இருந்த திஸ்கி குறியீட்டுல வந்த பழைய மடல் படிச்சவங்களுக்கு ® ரொம்ப பழக்கப்பட்ட முகம். லத்தீன் குறியீட்டுல ®க்கு 174ஆவது இடம். திஸ்கியில அதே இடத்துல உக்காந்திருந்தது ஈ. எழுத்துரு இல்லாம மடலைத் திறந்தா "ஈரம்", "ஈடுபாடு" எல்லாம் ®ல ஆரம்பிக்கும். © மட்டும் 169ல தன் இடத்துலயே இருந்துச்சு, அதை விட்டு வச்சிருந்தாங்க. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாத்தறவங்க, தமிழுக்கு நடுவுல ® பாத்தா குப்பைன்னு அழிச்சுடாதீங்க. அது ஈயா இருக்கலாம்.

16 பிப்ரவரி

தமிழ்ல ®ஐ வேற்றுமை உருபோட எப்படி எழுதறதுன்னு கேட்டது நல்ல கேள்வி, யாரும் கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டு இருந்தேன்.

லினக்ஸை எடுத்துக்குவோம். "லினக்ஸை®"னு போட்டா குறி உருபுக்கும் சேர்த்து நிக்குது, பதிவானது பேரு, ஐ இல்ல. "லினக்ஸ்®ஐ"ன்னா உயிரெழுத்து தனியா அநாதையா நிக்குது, படிக்கறப்போ நாக்கு தடுக்குது. நடுவுல கோடு போட்டு "லினக்ஸ்®-ஐ"ன்னு எழுதறவங்களும் உண்டு, எனக்கு அதுவும் கண்ணை உறுத்தும்.

நான் பண்றது: பேருக்குப் பின்னாடி பொதுப்பெயரைக் கொண்டு வந்துடறேன். "லினக்ஸ்® இயங்குதளத்தை", "லினக்ஸ்® இயங்குதளத்தில்". உருபு எல்லாம் பொதுப்பெயர் மேல போய் உக்காந்துக்கும், பேரு மாறாம முழுசா நிக்கும். டிரேட்மார்க் வக்கீல்கள் உலகம் பூரா கேக்கறதும் இதைத்தான், பேரை அடைமொழி மாதிரி வை, பின்னாடி பொருளோட பொதுப்பெயரைச் சொல்லுன்னு. நம்ம இலக்கணத்துக்கு அது இயல்பா பொருந்துது. முதல் தடவை இப்படி எழுதிட்டு, அப்புறம் குறி இல்லாம "லினக்ஸை", "லினக்ஸில்"னு ஓட்டமா எழுதலாம்.

17 பிப்ரவரி

"® போட்டுட்டே இருந்தா பேரு பொதுச்சொல்லா மாறாதுல்ல?"

அப்படி ஒரு உத்தரவாதம் கிடையாது. ஜனங்க எப்படிப் புழங்கறாங்கங்கறதுதான் தீர்மானிக்கும். ஆஸ்பிரின் பேயர் கம்பெனியோட பேரு. அமெரிக்காவுல 1921ல நீதிமன்றம், பொது ஜனங்களுக்கு அது மருந்தோட பேராவே ஆயிடுச்சுன்னு சொல்லிடுச்சு. கனடாவுலயும் ஜெர்மனியிலயும் இன்னிக்கும் அது பேயரோட பதிவு பெற்ற பேரு, அங்க ® போடலாம். எஸ்கலேட்டர் லிஃப்ட் கம்பெனி ஓடிஸ் கிட்ட இருந்த பேரு, 1950ல பதிவு ரத்தாச்சு, அதுக்குப் பெரிய காரணம் அவங்களே விளம்பரத்துல எலிவேட்டர் மாதிரி பொதுச்சொல்லா எழுதினது. தெர்மாஸும் அப்படித்தான், 1963 தீர்ப்பு.

இதுல என் மனசை உறுத்தறது, எஸ்கலேட்டரைக் கெடுத்தது போட்டியாளர் இல்லங்கறது. சொந்த எழுத்து. பக்கம் பூரா ® தூவிட்டு, வாக்கியத்துல பேரை வினைச்சொல்லா, பொதுச்சொல்லா எழுதினா தூவினது எதுக்கும் உதவாது. அதுக்காக வினைச்சொல்லா ஆனதும் பேரு போயிடும்னும் இல்ல. கூகுள் பேரை வினைச்சொல்லா புழங்கறாங்க, அதனால ரத்து பண்ணணும்னு வந்த வழக்கை 2017ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏத்துக்கலை. தேடுபொறி எல்லாத்துக்கும் பொதுப்பேரா ஜனங்க நினைக்கறாங்களாங்கறதுதான் கேள்வின்னு சொல்லிச்சு.

18 பிப்ரவரி

அடுத்தவங்க பேருக்கு நாம ® போடணுமா? கட்டுரை, செய்தி, விமர்சனம், கதை எழுதறவங்களுக்கு அந்தக் கடமை இல்லவே இல்ல. பத்திரிகைகள் போடறதும் இல்ல. அந்தக் குறி உரிமையாளர் தர அறிவிப்பு, உங்களோடது இல்ல. அது பதிவா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாதப்போ, அவங்க சார்புல நீங்க வாக்குமூலம் குடுக்கறது எதுக்கு?

ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்திருந்தா அது வேற. விற்பனையாளரா, உரிமம் வாங்கினவரா இருந்தா அவங்க சொல்ற மாதிரிதான் போடணும். லினக்ஸ் பேரை உரிமத்தோட உபயோகிக்கறவங்க, அது லினக்ஸை ஆரம்பிச்ச லைனஸ் டோர்வால்ட்ஸோட பதிவு பெற்ற வணிகக் குறின்னு ஒரு வரி போட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க. 90கள்ல வேற ஒருத்தர் அந்தப் பேரைப் பதிவு பண்ணிட்டு, அது பிரச்சினையாகி, 1997ல பேரு டோர்வால்ட்ஸ் கைக்கு வந்துச்சு. இலவசமா குடுக்கற மென்பொருளுக்கும் பேரு பதிவு தேவைப்படுதுன்னா ஏன்னு அதுலேர்ந்து புரியும்.

18 பிப்ரவரி, அதே ராத்திரி

ஒருத்தர் "® இருந்தா அரசாங்கம் பரிசோதிச்ச பொருள்தானே, நம்பி வாங்கலாம்ல"ன்னு கேட்டிருக்கார். இல்லைங்க. பதிவாளர் பேரை மட்டும்தான் பாக்கறார். அது வேற யாரோட பேரோடயாவது மோதுதா, பொருளை வெறுமனே விவரிக்கற சொல்லா, இந்த மாதிரி. உள்ள இருக்கற மருந்து வேலை செய்யுமா, சார்ஜர் வெடிக்காதா, அதெல்லாம் அவர் மேசைக்கே வராது. குழந்தைகளுக்கான பொருள் வாங்கறப்போ ® பாத்து நிம்மதி அடையறவங்களை நானே பாத்திருக்கேன். பாதுகாப்புச் சான்றுக்குத் தனி முத்திரைகள் இருக்கு, அதைத் தேடுங்க. முதல் கேள்வி கேட்டவர்கிட்ட நான் இவ்வளவு கறாரா பேசினதுக்கு இதுவும் காரணம். அந்த வட்டத்தைப் பாத்து ஜனங்க உண்மையிலேயே நம்பறாங்க.

21 பிப்ரவரி

பதிவு இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கறதுன்னு நிறைய பேர் கேட்டதால: பெரும்பாலான நாட்டுப் பதிவகங்கள் இணையத்துல தேட வசதி வச்சிருக்கு. உலக அறிவுசார் சொத்து அமைப்போட குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் இலவசம், பல நாட்டுப் பதிவு ஒரே இடத்துல. ஐரோப்பிய ஒன்றியத்தோட டிஎம்வியூவும் அப்படியே. பேரை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க. நிலைமைங்கற இடத்துல என்ன இருக்கு, வகுப்பு எது, எந்த நாடு, எப்போ காலாவதி, நாலையும் பாருங்க.

காலாவதிதான் எல்லாரும் மறக்கறது. பெரும்பாலான நாட்டுல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அமெரிக்காவுல அது போக, பதிவான அஞ்சாவது வருஷத்துக்கும் ஆறாவது வருஷத்துக்கும் நடுவுல, பேரை இன்னும் உபயோகிக்கறோம்னு உறுதிமொழி தாக்கல் பண்ணணும், தவறினா பதிவு ரத்து. கூடுதல் கட்டணத்தோட ஆறு மாசம் சலுகை உண்டு. பதிவு போன அன்னிக்கே பெட்டி மேல இருக்கற ® உண்மை இல்லாம போயிடுது, யாரும் அதை எடுக்கறதில்ல, ஏன்னா புதுப்பிக்கற தேதி ஒரு ஆள்கிட்ட, பெட்டி ஃபைல் வேற ஆள்கிட்ட. ரெண்டு பேரையும் ஒரே காலண்டர்ல சேர்த்து விடுங்க. அந்த நினைவூட்டல்ல ® போட்டிருக்கற ஃபைல்களோட பட்டியலையும் ஒட்டி வைங்க. லோகோ, பெட்டி, கையேடு, இணையதளம், ஆப் ஸ்டோர் விவரம், ஈமெயில் கையொப்பம். ஈமெயில் கையொப்பத்தை எழுதாம விட்டுடாதீங்க, ஆபீஸ்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் அது தனித்தனியா இருக்கும்.